இரண்டாம் சுற்று

ராயபுரத்தில் கோயில் தெருப் பக்கம் செல்வநாதனைத் தெரியாதவர்கள் குறைவு. துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிய சிலுவைமுத்துவின் மகன். கல்லூரி முடித்ததும் விமானப்படைக்குத் தேர்வாகி, அறுபத்தைந்தாம் ஆண்டுச் சண்டையில் மேற்கு எல்லையில் போர்விமானம் ஓட்டிவிட்டுத் திரும்பியவர். வந்த வாரம் ராயப்பர் கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, மீன் விற்கும் பெண்களும் ரயில்வே கார்டுகளும் சுற்றி நின்று அவர் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. கூட வர வேண்டிய ஒருவன் வரவில்லை.

அவன் பெயர் குமாரவேல். திருவொற்றியூர்க்காரன். தீப்பெட்டி ஆலையில் ஃபோர்மனாக இருந்த கோதண்டத்தின் ஒரே மகன். இருவரும் ஒன்றாகப் பயிற்சி பெற்று ஒரே படைப்பிரிவுக்குப் போனவர்கள். மெஸ்ஸில் மற்றவர்கள் ஆங்கிலமும் இந்தியும் பேசிக்கொண்டிருக்க, இவர்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து மெட்ராஸ் பாஷையில் எல்லாரையும் கிண்டல் செய்வார்கள். ஒருவருக்கும் புரியாது என்கிற தைரியம்.

சண்டையில் நடந்தது இதுதான். ஒரு காலையில் இருவரும் இரண்டு விமானங்களில் தாழப் பறந்து போனார்கள். சாலையில் எதிரியின் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. முன்னால் போன செல்வநாதனின் ராக்கெட்டுகள் லாரிகள்மேல் விழுந்தன. பின்னால் வந்த குமாரவேலின் ராக்கெட்டுகள் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் விழுந்தன. மிச்சம் இருந்ததை எடுத்துக்கொண்டு இன்னொரு முறை போவதாக அவன் ரேடியோவில் சொன்னான். வளைந்து, வந்த வழியாகவே திரும்பவும் இறங்கினான். முதல் முறை என்னவென்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தவர்கள், இரண்டாம் முறை துப்பாக்கியைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

இருவரையும் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். பயிற்சித் திடலில் ஒரு குறியைச் சுற்றிச் சுற்றி வந்து அடிக்க வேண்டும். ஒரு சுற்றில் தவறினால் அடுத்த சுற்றில் அடிக்கலாம், அதற்கும் மதிப்பெண் உண்டு. திடலில் யாரும் திருப்பிச் சுடுவதில்லை. இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் நல்ல மனிதர். விமானத்தைப் பூப்போல இறக்குவார். ஆனால் சண்டையைக் கண்ணால் கண்டவர் இல்லை. தனக்குத் தெரியாததை அவர் எப்படிச் சொல்லிக்கொடுப்பார்? குமாரவேல் திரும்பிப் போகிறேன் என்றபோது, வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதுகூடச் செல்வநாதனுக்குத் தோன்றவில்லை. அவருடைய ராக்கெட்டு தவறியிருந்தால் அவரும் அதையேதான் செய்திருப்பார்.

இரண்டு வருடம் கழித்து அவரைத் தாம்பரத்துக்கு மாற்றினார்கள். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே அங்கே பயிற்சி நடந்தது. சிலுவைமுத்து துறைமுகத்தில் கால் உடைந்து படுக்கையில் கிடந்ததால், செல்வநாதனின் மனைவி ஃப்ளோரன்ஸ் ராயபுரத்திலேயே தங்கினார். செல்வநாதன் வாரம் முழுக்கத் தாம்பரத்தில் இருந்துவிட்டு, சனிக்கிழமை பீச் ஸ்டேஷனில் மின்சார ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வருவார். கொஞ்ச நாளில் படைப்பிரிவுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார்.

அவர் கற்றுக்கொடுத்த விதம் வேறு மாதிரி இருந்தது. இரட்டை இருக்கை விமானத்தில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, முன்னால் இருப்பவர் திருப்பத்தில் இருக்கும்போது காதில் ஓயாமல் பேசுவார், திட்டுவார், சம்பந்தமில்லாத கேள்வி கேட்பார். கோபித்துக்கொண்டவர்களிடம், "பயம் வந்தால் காது அடைத்துவிடும். கை தானாகப் பழகியதைச் செய்யும். அதனால் கை எதைப் பழகுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாளைக்கு உங்கள் மாணவர்களுக்கும் இதைச் செய்யுங்கள்" என்பார்.

ஆனால் எல்லாரும் நினைவில் வைத்துக்கொண்டது அவருடைய ஒரு வகுப்பைத்தான். படம் வரைய மாட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் விமானமாக்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கவிட்டுக் குமாரவேலின் கதையைச் சொல்வார். பெயர் சொல்வார், ஊர் சொல்வார், அவனுக்கு எந்த மீன் பிடிக்கும் என்பதையும் சொல்வார். பிறகு வலது கையை ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்ப்பார். "ஒரு சுற்று. அடித்தாலும் தவறினாலும் வீட்டுக்கு வா. இதைச் சொல்லிக்கொடுக்காத ஆசிரியர் தன் மாணவனை அந்தக் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்புகிறார்."

வகுப்பு முடிந்ததும் தனியாகப் போய் முகம் கழுவிக்கொள்வார். புதிய அணி வரும்போதெல்லாம் அந்தக் காலைக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. படைப்பிரிவுக்கு மாற்றல் கேட்டபோதெல்லாம் தளபதி ஒரே பதிலைத்தான் சொன்னார்: "ஓட்டுவதற்கு ஆள் இருக்கிறது. பார்த்துவிட்டு வந்து சொல்வதற்கு ஆள் இல்லை."

எழுபதாம் வருடம், அவரிடம் பயின்ற பாலக்காட்டு அதிகாரி ஒருவர் ஒரு விடுமுறை நாளில் திருவொற்றியூருக்குப் போனார். தேரடிக்குப் பக்கத்தில் குமாரவேல் பெயரில், அவன் படமும் கல்வெட்டும் வைத்த ஒரு படிப்பகம் இருந்தது. அதிகாரி அந்தப் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அங்கே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த கோதண்டத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். தனக்குத் தெரிந்த தமிழில், "உங்கள் மகன் செய்த தவறு எங்கள் எல்லாருக்கும் பாடம், ஐயா. எத்தனை பேர் அதனால் பிழைப்போம்" என்றார். நன்றி சொல்வதாகத்தான் அவர் நினைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோதண்டம் ராயபுரத்துக்கு வந்தார். ஃப்ளோரன்ஸ் வாசலில் கொடியிலிருந்த துணிகளை உதறிக்கொண்டிருந்தார். பேசின் பிரிட்ஜ் மின்நிலையத்திலிருந்து கரித்தூள் பறந்து வந்து படியும். உதறாமல் உள்ளே கொண்டுபோக முடியாது.

"உள்ள வாங்க மாமா. காபி போடறேன்."

"காபிக்கு வர்லமா. அவன் கீறானா?"

செல்வநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். குமாரவேல் அழைத்தபடியே அவரும் கோதண்டத்தை நைனா என்றுதான் அழைப்பார்.

"வாங்க நைனா. உக்காருங்க."

"நின்னுகினே கேக்கறேன். என் புள்ள தப்பு பண்ணி செத்தான்னு க்ளாஸ்ல சொல்லிகினு கீறியாமே. நெஜமா?"

"தப்புன்னு சொல்லல நைனா. நடந்தத சொல்றேன்."

"நடந்தது எனக்குத் தெரியும். குண்டு பட்டு செத்தான்னு சர்க்கார்ல சொன்னாங்க. கல்லுல வெட்டி வெச்சிகீது. அவுங்கம்மா தெனிக்கும் அந்தக் கல்லத் தொட்டு கும்புட்டுட்டுதான் மார்க்கெட்டுக்குப் போறா. இந்தப் பேச்சு அவ காதுல வுழுந்தா இன்னா ஆவும்?"

செல்வநாதன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டார். கோதண்டம் உட்காரவில்லை.

"உனக்கு அவன் தோஸ்து. ஒண்ணா சோறு துன்னவன். செத்தவன இஸ்துகினு வந்து நாலு பேர் முன்னால நிக்க வெச்சி, இவன மாதிரி பண்ணாதீங்கன்னு காட்றியே, அது உனக்கே நல்லா கீதா?"

"இனிமே சொல்லல நைனா."

"பேரக்கூட எடுக்காத."

"செரி."

கோதண்டம் அதற்குமேல் நிற்கவில்லை. பஸ் ஸ்டாப்புவரை செல்வநாதன் கூடப் போனார். வீடு திரும்பியபோது ஃப்ளோரன்ஸ் கேட்டார்: "செரின்னு சொல்லிட்டீங்க. அத வுட்டுட்டா அங்க என்ன சொல்லுவீங்க?"

"தெரில."

அடுத்த அணிக்குப் பெயர் இல்லாமல் சொல்லிப் பார்த்தார். ஒரு விமானி, ஒரு சாலை, ஓர் இரண்டாம் சுற்று. எல்லாரும் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அது புத்தகத்தில் உள்ள வரிகளோடு இன்னொரு வரியாகப் போய்ச் சேர்ந்தது. அதற்கடுத்த அணியிடம் வேறு மாதிரி முயன்றார். இரண்டாம் முறை திரும்பிப் போனது தான்தான் என்று சொன்னார். பின்வரிசையில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "ஆனால் நீங்கள் பிழைத்து வந்துவிட்டீர்களே சார்" என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. திரும்பிப் போனவர் எதிரில் நின்று சுண்ணாம்புக்கட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்றால், திரும்பிப் போவதில் அப்படி என்ன ஆபத்து? தான் எதற்கு எதிராக நிற்கிறோமோ அதையே கற்றுக்கொடுத்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

அந்த வருடம் அவர் தூக்கம் குறைந்தது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் படிப்பகத்தில் நினைவு நாள் நடக்கும். ஊர்ப் பெரியவர்கள் பேசுவார்கள். "மீண்டும் மீண்டும் எதிரியைத் தேடிப் போன சிங்கம், இளைஞர்களே, நீங்களும் அப்படிப் போக வேண்டும்" என்பார்கள். முன்வரிசையில் குமாரவேலின் அம்மா குப்பம்மா தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பார். செல்வநாதன் சீருடையில் மேடையேறி, "குமாரவேல் நல்லவன், என் நண்பன்" என்று இரண்டே வார்த்தை பேசி இறங்குவார். அந்தக் கைதட்டலுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதைவிட விமானத்தில் இருந்திருக்கலாம் என்று இருக்கும்.

எழுபத்தொன்றாம் வருடம் மழைக்காலம் தொடங்கியபோது இன்னொரு சண்டை வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவரிடம் பயின்றுகொண்டிருந்த ஆசிரியர்களைப் பாதியிலேயே படைப்பிரிவுகளுக்கு அழைக்கப் போவதாக உத்தரவு வந்தது. செல்வநாதன் தளபதியின் அறைக்குப் போனார்.

"என்னையும் அனுப்புங்கள் சார்."

"உங்களை அனுப்பினால் ஒரு விமானம் பறக்கும். நீங்கள் இங்கே இருந்தால் போகிற இத்தனை பேரும் எதையாவது தெரிந்துகொண்டு போவார்கள். போன தடவை பார்த்தவர்கள் நம்மிடம் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள், சொல்லுங்கள்."

"சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன் சார்."

தளபதி காரணம் கேட்டார். செல்வநாதன் சொன்னார். தளபதி, "அது நான் உத்தரவு போடும் விஷயம் இல்லை" என்றார்.

அன்று மாலையே செல்வநாதன் ரயிலேறி, பிறகு பஸ் பிடித்துத் திருவொற்றியூருக்குப் போனார். கோதண்டம் படிப்பகத்தில் நாற்காலிகளை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கடல்காற்றில் ஆலையின் மருந்து நெடி கலந்து வந்தது. செல்வநாதன் நாலு நாற்காலிகளை எடுத்து வைத்த பிறகு பேசினார்.

"நைனா, உங்க கிட்ட சொன்ன சொல்ல நான் மீறல. அவன் பேர எடுக்கல."

"தெரியும்."

"பேர் இல்லாம சொன்னா மண்டையில ஏற மாட்டேங்குது. இப்ப ஒரு கூட்டமே சண்டைக்குப் போவப் போவுது. எல்லாரும் திடல்ல சுத்தி சுத்தி பழகனவங்க. என்னாட்டம், அவனாட்டம்."

கோதண்டம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். "அவன் தப்பு பண்ணானா, இல்லியா? நேரா சொல்லு."

"அவனுக்கு யாரும் சொல்லித் தரல நைனா. எனக்கும்தான். என்னுது மொத தடவயே குறில பட்டுடுச்சி, அவனுது படல. அவ்ளோதான் வித்தியாசம்."

"அத அப்டியே சொல்லுவியா?"

"அப்டியேதான் சொல்லுவேன்."

கோதண்டம் கல்வெட்டுக்கு மேலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் வந்து கேக்கணும்" என்றார். "நீ அங்க இன்னா சொல்றன்னு என் காதால கேக்கணும். அப்பறமா சொல்றேன்."

தளபதி அனுமதி கொடுத்தார். அந்த வாரமே வெள்ளை வேட்டியும், ஆலையில் பணி ஓய்வின்போது கொடுத்த கோட்டுமாகக் கோதண்டம் தாம்பரத்தில் வந்து இறங்கினார். வாயிலில் காவலர் சல்யூட் அடித்தார். பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கும்பிட்டார். வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் யார் என்று மாணவர்களுக்குச் சொல்லவில்லை.

செல்வநாதன் ஆங்கிலத்தில் தொடங்கினார். ஃபோர்மன் வேலையில் கோதண்டத்துக்குத் தெரிந்த ஆங்கிலம் சாமான்களின் பெயர்களோடு சரி. அவருக்குப் புரிந்தது மகனின் பெயரும் திருவொற்றியூர் என்ற சொல்லும் மட்டும்தான். பிறகு செல்வநாதன் கைகளை உயர்த்தினார். இரண்டு உள்ளங்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்து போயின. எது தன் மகன் என்று கோதண்டத்துக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன்னால் போன கை விலகி மேலே போனது. பின்னால் வந்த கை தயங்கி நின்றது.

அங்கே செல்வநாதன் ஆங்கிலத்தை நிறுத்தினார். ரேடியோவில் அவன் என்ன சொன்னானோ, அதை அவன் சொன்ன பாஷையிலேயே சொன்னார்.

"மாமு, இன்னொரு தபா போய்ட்டு வரேன்."

ஆறு வருடமாகக் கோதண்டம் கேட்டிராத வார்த்தைகள் அவை. சினிமாவுக்குப் போகும்போதும் கடலுக்குக் குளிக்கப் போகும்போதும் வாசலில் நின்று அவன் சொல்லும் அதே மாதிரி இருந்தது. அவர் கோட்டின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வலது கை வளைந்து வந்து மேசைமேல் கவிழ்ந்தது. வகுப்பில் ஒருவரும் அசையவில்லை. குறிப்பெடுக்கவும் இல்லை. முன்வரிசையில் மெலிந்த வங்காள இளைஞர் ஒருவர், கன்னத்தில் கைவைத்தபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது செல்வநாதன்தான் முதலில் பேசினார். "நைனா, நான்..."

"அதான் கடைசியா சொன்னானா?"

"ஆமா."

"போய்ட்டு வரேன்னுதான் சொன்னானா. போறேன்னு சொல்லலியே."

"இல்ல நைனா. வரேன்னுதான் சொன்னான்."

கோதண்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொல்லு. பேரோட சொல்லு. ஆனா இங்க மட்டும் சொல்லு. அவுங்கம்மா உசிரோட கீற வரைக்கும் நம்ம ஊர்ல அவன் வேற மாதிரிதான் செத்தான். செப்டம்பர்ல நீ வரணும், மேடையில ஒக்காரணும், அவங்க பேசறதையெல்லாம் கேட்டுகினு வாய மூடிகினு இருக்கணும். முடியுமா?"

"முடியும்" என்றார் செல்வநாதன். முடியுமா என்று அவருக்கே தெரியவில்லை. சொல்லும் உரிமை கிடைத்ததும், அதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிய கடமையிலிருந்து இனி வெளியேற வழியில்லை என்பதும் ஒன்றாகத்தான் புரிந்தன.

டிசம்பரில் சண்டை வந்தது. மாணவர்கள் போனார்கள். அவர் தாம்பரத்தில் புதியவர்களோடு அதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார். ராயபுரத்தில் பொழுது சாய்ந்தால் விளக்கெரிக்கக் கூடாது. ஜன்னல்களுக்குக் கருப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். எதிரியின் நீர்மூழ்கி சுற்றுகிறது என்று பேச்சு. கட்டுமரங்கள் கரையில் குப்புறக் கிடந்தன, மீனவர்கள் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை இருட்டிய வீட்டில் ரேடியோ செய்தியைக் கேட்டுக்கொண்டே செல்வநாதன் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார்.

"நீங்க போயிருந்தா இப்டி இருக்க மாட்டீங்க" என்றார் ஃப்ளோரன்ஸ். "நான் இப்டி இருந்திருப்பேன்."

செல்வநாதன் அதன்பிறகு நாற்காலியை விட்டு எழவில்லை.

சண்டை முடிந்து தை பிறந்ததும், அந்த வகுப்பில் இருந்த ஒரு சீக்கிய அதிகாரி விலாசம் விசாரித்துக்கொண்டு ராயபுரம் வீட்டுக்கே வந்தார். ஃப்ளோரன்ஸ் போட்ட சுறாப்புட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தன் முதல் குண்டுகள் வயலில் விழுந்ததாகவும், கை தானாகத் திருப்பத் தொடங்கியதாகவும், அப்போது அந்த மேசையும் கையும் நினைவுக்கு வந்ததாகவும் சொன்னார். "நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன் சார். அடுத்த நாள் போய் அடித்தேன்."

செல்வநாதன் அவர் தோளைத் தட்டினார். பிறகு முன்வரிசை வங்காளியைப் பற்றிக் கேட்டார். அதிகாரி தட்டைப் பார்த்தார்.

"அவனும் தவறவிட்டான் சார். திரும்பிப் போனான்."

"அந்த வகுப்பில் இருந்தானே."

"இருந்தான். கீழே நம் ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். விட்டுவிட்டு வர அவனுக்கு மனம் வரவில்லை."

அதிகாரி போன பிறகு செல்வநாதன் கடற்கரைக்கு நடந்தார். யாரும் சொல்லித்தராமல் இறந்தவன் ஒருவன். சொல்லித்தந்தும் இறந்தவன் ஒருவன். இந்த இரண்டாவது கதையைச் சொல்லாமல் முதல் கதையை மட்டும் சொன்னால், தான் இவ்வளவு நாள் ஊர் மேடையில் கேட்டு வந்த பாதி உண்மைப் பேச்சுக்கும் தன் வகுப்புக்கும் அதிக வித்தியாசம் இருக்காது என்று அவருக்குத் தோன்றியது. யாரைக் கேட்காமல் அதைச் சொல்லக் கூடாது என்பதும் இப்போது தெரிந்திருந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு, அந்த இளைஞனின் தந்தை இருந்த கல்கத்தாவுக்கு டிக்கெட் வாங்கினார். செய்தி கேட்டு, கோதண்டம் ஒரு துணிப்பையோடு சென்ட்ரலுக்கு வந்து நின்றார்.

"நானும் வரேன்."

"ரெண்டு நாள் பிரயாணம் நைனா. குளிரு வேற."

"நீ போய் அந்த மனுசன் கிட்ட இன்னா சொல்லுவ? நான் கூட இருந்தா அவருக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்."

வங்காளத் தந்தை ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். சின்ன வீடு. அவரும் கோதண்டமும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். செல்வநாதன் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். குமாரவேலின் கதையையும் சொன்னார். கேட்டு முடித்ததும் அந்தத் தந்தை கோதண்டத்தின் கையைப் பிடித்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

"இன்னா கேக்கறாரு?"

"எப்டி சம்மதிச்சீங்கன்னு கேக்கறாரு நைனா."

"தெரிலன்னு சொல்லு" என்றார் கோதண்டம்.

அந்தத் தந்தை எழுந்து உள்ளே போய்விட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வந்தார். "நீங்கள் இவ்வளவு தூரம் வந்து கேட்டதற்கு நன்றி. என் மகன் கீழே மாட்டிக்கொண்டவர்களுக்காகத் திரும்பிப் போனான். அதை ஒரு பாடமாக்க என்னால் சம்மதிக்க முடியாது. மன்னியுங்கள்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருவரையும் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

திரும்பி வரும்போது கோதண்டம் கேட்டார்: "இப்ப இன்னா பண்ணுவ?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லணும்னு தோணிகினே இருக்குமே."

"இருக்கும் நைனா."

படைப்பிரிவுக்கு மாற்றல் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. எழுபத்தெட்டில் ஓய்வுபெறும்வரை தாம்பரத்தில்தான் இருந்தார். ஒவ்வோர் அணிக்கும் குமாரவேலின் கதையைப் பெயரோடு சொன்னார். செப்டம்பர்களில் திருவொற்றியூர் மேடையில் வாய்மூடி உட்கார்ந்தார். மாணவர்களில் யாராவது, "தெரிந்தும் திரும்பிப் போனவர்கள் உண்டா சார்?" என்று கேட்டால், "உண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். அவர் சொல்லாத அந்த வங்காள இளைஞரின் பெயரை, இந்தக் கதையைச் சொல்லும் நானும் இங்கே எழுதவில்லை.